வளாகத்தில் பாலியல் வன்முறை: காவல் நிலையத்தின் வேலை எது, பல்கலைக்கழகத்தின் வேலை எது?

2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். மறுநாள் கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அடுத்த நாள் குற்றவாளி கைதானார். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவர் மீதான 11 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின என்றது. ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை விதித்து, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களின் வழக்கமான வேகத்தோடு ஒப்பிட்டால், ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் என்பது மிக விரைவு.

அந்த ஐந்து மாதமும் பல பெற்றோர்களும் மாணவர்களும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. போலீஸ் பிடித்துவிட்டது, நீதிமன்றம் தண்டித்துவிட்டது, சரி. பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்? எல்லாக் கல்லூரியிலும் இருப்பதாகச் சொல்லப்படும் 'விசாகா கமிட்டி' எதற்கு? அதில் புகார் கொடுத்தால் போலீசுக்குப் போக முடியாதா? போலீசுக்குப் போனால் கல்லூரி ஒதுங்கிக்கொள்ளலாமா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு பாதைகளை ஒன்றாக நினைப்பதுதான்.

இரண்டு பாதைகள்

முதல் பாதை குற்றவியல் சட்டம். அதன் கேள்வி: 'இவர் குற்றம் செய்தாரா?' குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்வு, பாலியல் சீண்டல், பின்தொடர்தல், மறைந்திருந்து படமெடுத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தண்டனை சிறை.

இரண்டாவது பாதை நிறுவனத்தின் உள்விசாரணை. அதன் கேள்வி: 'எங்கள் வளாகத்தில் எங்கள் விதியை இவர் மீறினாரா? புகார் தந்தவர் இங்கே தொடர்ந்து படிக்க என்ன செய்ய வேண்டும்?' இங்கே அளவுகோல், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதுதான். தண்டனை இடைநீக்கம், பணிநீக்கம், கல்லூரியை விட்டு நீக்கம் போன்றவை.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை. 'போலீஸ் விசாரிக்கிறது, முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது தன் வேலையைத் தள்ளிப்போடுகிறது. 'போலீசுக்குப் போகாதே, உள்ளேயே முடித்துக்கொள்வோம்' என்று சொன்னால் அது இன்னும் மோசம். வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, மாணவி காவல் துறைக்குப் போக விரும்பினால் அதற்கு உதவுவது நிறுவனத்தின் கடமை.

குற்றம் செய்தவர் வெளியாள் என்றால்? அவரை இடைநீக்கம் செய்யவோ நீக்கவோ பல்கலைக்கழகத்தால் முடியாது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் குற்றவாளி அப்படி ஒரு வெளியாள்தான். அப்போதும் கடமை தீர்வதில்லை. வளாகத்துக்கு வந்துபோகும் மூன்றாம் நபரின் அத்துமீறலையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகள் கணக்கில் எடுக்கின்றன. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அந்த நபர் மீது சட்ட நடவடிக்கை தொடங்கச் செய்வதும் நிறுவனத்தின் பொறுப்பே.

'விசாகா கமிட்டி' என்ற பெயர்

1992-இல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்ததுதான் விசாகா தீர்ப்பு. வேலையிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பான சூழலை உறுதி செய்வது முதலாளியின் கடமை என்றும், ஒவ்வொரு இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்றும் அது சொன்னது. சட்டமாக வர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. 'போஷ் சட்டம்' என்று இப்போது அழைக்கப்படும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

மாணவி ஊழியர் அல்லவே, அவருக்கு இது பொருந்துமா? பொருந்தும். கல்வி நிறுவனமும் அந்தச் சட்டப்படி வேலையிடம்தான். பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனாலும் வகுப்பறையும் விடுதியும் ஆய்வகமும் அலுவலகம் போன்றவை அல்ல என்பதால், யு.ஜி.சி. தனியாக 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. அவை 2016 மே 2 அன்று அறிவிக்கையாயின. கல்லூரிகளைப் பொறுத்தவரை நாள்தோறும் கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணம் இதுதான். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூடப் பாலியல் வன்முறைக்கு ஆளாகக்கூடும் என்பதை வெளிப்படையாக ஏற்று, எல்லாப் பாலின மாணவர்களுக்காகவும் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது என்பது இதன் தனிச்சிறப்பு.

குழுவில் யார் இருக்க வேண்டும், யார் இருக்கக் கூடாது

'விசாகா கமிட்டி' என்று பேச்சில் சொல்லப்படும் உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர், விதிப்படி, ஒரு மூத்த பெண் ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவர். அவரோடு இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், தொண்டு நிறுவனம் போன்ற வெளி அமைப்பிலிருந்து ஒருவர். பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

பல கல்லூரிகளில் மறந்துபோகும் இரண்டு அம்சங்கள் உண்டு. முதலாவது, பிரச்சினையில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் இளநிலை, முதுநிலை, ஆய்வு என்ற மூன்று நிலைகளிலிருந்தும் ஒவ்வொரு மாணவர் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நிர்வாகம் தனக்குப் பிடித்த மாணவியை உட்கார வைப்பது தேர்தல் ஆகாது. இரண்டாவது, துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. காரணம் எளிது: நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நாற்காலியில் இருப்பவர், அந்தப் பெயருக்குக் களங்கம் தரக்கூடிய புகாரை விசாரிக்கக் கூடாது.

தேர்தல் நடைமுறைக்கு ஒத்து வராது என்று சொல்வோர் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர், ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகளைக் கொண்ட குழு அங்கே 1999 முதல் இயங்கியது. 2017-இல் அதைக் கலைத்துவிட்டு உள்ளகப் புகார்க் குழுவை நிர்வாகம் அமைத்தபோது மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குழுவின் மீது நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதல் மூன்று நாட்கள்

உள்விசாரணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு மாணவிக்குத் தேவைப்படுவது மருத்துவம். விடுதி வார்டன், வகுப்பு ஆசிரியர், தோழி என்று முதலில் தகவல் அறியும் யாருக்கும் கீழே உள்ளவை தெரிந்திருக்க வேண்டும்.

1. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும். மறுப்பது குற்றம். 'முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா' என்று சொல்ல முடியாது.

2. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசர கருத்தடை மாத்திரைக்கும் அப்படியே.

3. உடலிலிருந்து தடயங்கள் எடுப்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்கள் சொல்லும் கால அளவு 96 மணி நேரம். குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டார் என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

4. பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். 'இரு விரல் பரிசோதனை' செய்வது நெறிமீறல் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

5. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லைப் பிரச்சினை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது; 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றுவார்கள். வாக்குமூலத்தைப் பெண் காவல் அதிகாரிதான் பதிய வேண்டும். வன்புணர்வு வழக்கில் மாணவியின் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ அதைப் பதிவு செய்ய வேண்டும்.

6. மகளிர் உதவி எண் 181. சிகிச்சை, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க மாவட்டங்களில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன.

வயது முக்கியமான விஷயம். 18 முடிந்த மாணவியின் சம்மதம் இல்லாமல் கல்லூரி அவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போவது சரியல்ல. போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. ஆனால் முதலாண்டு வகுப்புகளில் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் விஷயத்தில், 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. கல்லூரி என்றாலே எல்லோரும் பெரியவர்கள் என்ற எண்ணத்தில் பல நிர்வாகங்கள் இதைக் கவனிப்பதில்லை.

புகாருக்குப் பின் நடக்க வேண்டியவை

1. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். உடலாலோ மனதாலோ அவரால் முடியாத நிலையில் நண்பரோ உறவினரோ சக மாணவரோ தரலாம்.

2. 7 நாட்களுக்குள் புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

3. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்; அடுத்த 10 நாட்களில் அறிக்கை நிர்வாகத்திடம் போக வேண்டும். இரு தரப்புக்கும் நகல் உண்டு.

4. மேல்முறையீடு இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் நிர்வாகம் பரிந்துரையை நிறைவேற்ற வேண்டும்.

புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதைச் சட்டமே சொல்கிறது. 'நிரூபிக்காவிட்டால் உன் மேல் நடவடிக்கை வரும்' என்று மாணவியை மிரட்டுபவர்கள் சட்டத்தில் இல்லாததைச் சொல்கிறார்கள்.

இடைக்கால நிவாரணம்: படிப்பு எப்படித் தொடரும்

மேலே சொன்ன நாட்களைக் கூட்டிப் பாருங்கள். எல்லாம் விதிப்படி நடந்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். அதாவது ஒரு செமஸ்டர். அந்த நான்கு மாதமும் மாணவி அதே வகுப்பில், அதே பேருந்தில், அதே மெஸ்ஸில் எதிர்த்தரப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியர் என்றால் இன்டர்னல் மார்க் அவர் கையில். ஆய்வு மாணவியின் கைடு என்றால் முனைவர் பட்டமே அவர் கையில். கடைசியில் தீர்ப்பு சாதகமாக வந்தாலும், அதற்குள் அட்டெண்டன்ஸ் குறைந்து, அரியர் விழுந்து, 'போதும், ஊருக்கு வந்துவிடு' என்று வீட்டில் சொல்லிவிட்டால், இழப்பு முழுவதும் பாதிக்கப்பட்டவருடையது.

காவல் துறையோ நீதிமன்றமோ இதைச் சரிசெய்ய முடியாது. வகுப்பு அட்டவணையை மாற்றும் அதிகாரமும் விடைத்தாளை வேறு ஆசிரியரிடம் தரும் அதிகாரமும் பல்கலைக்கழகத்திடம் மட்டுமே இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்ட மாணவியை எப்படி நடத்தியது என்பதை அளக்க, குற்றவாளி எத்தனை ஆண்டு சிறை பெற்றார் என்பதைவிட, அந்த மாணவி தன் பட்டத்தை முடித்தாரா என்பதே சரியான கேள்வி.

யு.ஜி.சி. விதிகள் இதற்கு வழி தருகின்றன. குழு பரிந்துரைத்தால் இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். பாதிக்கப்பட்டவருக்கு 3 மாதம் வரை, எந்த உரிமையும் இழக்காமல், விடுப்புத் தரலாம். எதிர்த்தரப்பு அவருடைய தேர்வையோ பணியையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். விலகியிருக்கும்படி எச்சரிக்கலாம், உறுதியான அச்சுறுத்தல் இருந்தால் வளாகத்துக்குள் நுழையவே தடை போடலாம்.

இங்கே ஒரு பலவீனமும் இருக்கிறது. விதியின் வாசகம் 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, 'செய்ய வேண்டும்' என்று இல்லை. அதனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்பது தெரிந்தால்தான் கேட்க முடியும். 'இருவரில் ஒருவரை மாற்றலாம்' என்பது நடைமுறையில் பெரும்பாலும் 'மாணவியை மாற்றலாம்' என்று ஆகிவிடுகிறது. பேராசிரியரை இடம் மாற்றுவதைவிட மாணவியை மாற்றுவது நிர்வாகத்துக்கு எளிது. இந்த வழக்கம் மாறியாக வேண்டும். இடம் மாற வேண்டியவர் யார் என்பதை மாணவியிடம் கேட்டுத்தான் குழு முடிவு செய்ய வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2024 டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது பெரிய செய்தியானது. அதே உத்தரவில் இருந்த இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை: அந்த மாணவியிடம் பல்கலைக்கழகம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது, அவர் படிப்பை முடிக்க வழி செய்ய வேண்டும், மனநல ஆலோசனை தர வேண்டும். இதில் எதையும் செய்ய ஒரு பல்கலைக்கழகத்துக்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.

எங்கே பிசகுகிறது

*நேரம்.* 3 மாதம், கூடினால் 6 மாதம் என்ற வரம்பு மாணவியின் நிலைக்குப் பொருந்துவதே இல்லை. தன் கைடு மீது புகார் தர நினைப்பவர், வைவா முடியட்டும் என்றுதான் காத்திருப்பார். கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஆசிரியர் ஒருவர் தந்த புகார், காலம் கடந்தது என்பதாலேயே ஏற்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. சட்ட ஆசிரியருக்கே நிலை இது என்றால் மாணவிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வரம்பு உள்விசாரணைக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 6 மாதம் கடந்தாலும் வன்புணர்வு போன்ற கடும் குற்றத்துக்குக் காவல் துறையில் புகார் தரும் வழி மூடிவிடாது.

*அவசரம்.* இது எதிர்த்திசைப் பிழை. கோவா பல்கலைக்கழகத்தில் 2009-இல் மாணவிகள் துறைத் தலைவர் ஒருவர் மீது புகார் தந்தார்கள். அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து விசாரணையைத் திருப்பி அனுப்பியது. குற்றம் நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. எதிர்த்தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தராமல் அடுத்தடுத்து அமர்வுகளை நடத்தி முடித்துவிட்டார்கள் என்றது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு மாணவிகளின் புகார் மீண்டும் நடுவழியில் நின்றது. நியாயமான விசாரணை எதிர்த்தரப்புக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும். புகார் தந்தவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

*நம்பிக்கையின்மை.* 2023 மார்ச் இறுதியில் சென்னையின் நடன, இசைக் கல்வி நிறுவனமான கலாக்ஷேத்ராவின் மாணவர்கள், பாலியல் துன்புறுத்தல் புகார்களில் நடவடிக்கை கேட்டுப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதன் பிறகுதான் ஏப்ரல் 3 அன்று உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலேசுவரத்தில், துறைத் தலைவர் மீது புகார் தந்தும் பயனில்லை என்று போராடிய கல்லூரி மாணவி உயிரிழந்தார். துறைத் தலைவரோடு கல்லூரி முதல்வரும் கைதானார். குழு காகிதத்தில் இருப்பது போதாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

*கசிவு.* பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றக் கூடாது என்பது 2016-இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு. அப்படியிருந்தும் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர்., மாணவியின் விவரங்களோடு பரவியது. அதற்காக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வளாகத்துக்குள் கசிவு வேறு வடிவில் நடக்கிறது: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு துறைப் பெயர், ஒரு ஆண்டு, ஒரு ஊர் சொன்னால் போதும், யார் என்பது தெரிந்துவிடும். பெயரைச் சொல்லவில்லை என்பது சமாதானம் ஆகாது.

விளக்கா, பூட்டா

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நிர்வாகங்கள் முதலில் செய்வது பெண்கள் விடுதியின் கதவு மூடும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதுதான். ஆண்கள் விடுதியில் அந்த மாற்றம் வராது. விளைவு என்ன? ஆய்வகத்தில் இரவு வேலை உள்ள மாணவி பின்தங்குகிறார். நூலகம் ஒன்பது மணி வரை திறந்திருந்தும் ஏழு மணிக்கே எழ வேண்டியிருக்கிறது. இன்னொரு விளைவு இதைவிட ஆபத்தானது: தாமதமாக வெளியே இருந்தபோது ஏதாவது நடந்தால், விதியை மீறியதற்குத் தண்டனை வருமோ என்று பயந்து மாணவி வாயே திறக்க மாட்டார். குற்றம் செய்ய வருபவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

யு.ஜி.சி. விதிகள் இதை முன்பே யோசித்திருக்கின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்றும், பாதுகாப்பு ஏற்பாடுகள் மாணவிகளின் நடமாட்டத்தைக் கண்காணித்துச் சுருக்கும் வேலையாக மாறக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. அதற்குப் பதில் அவை கேட்பது வளாகம் முழுவதும் போதிய விளக்குகள், நம்பகமான போக்குவரத்து, மருத்துவ வசதி, மனநல ஆலோசகர், பயிற்சி பெற்ற காவலர்கள். இவற்றுக்குப் பணம் வேண்டும். நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதனால்தான் சுற்றறிக்கை முதலில் வருகிறது, விளக்குக் கம்பம் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போகிறது.

விதிகளைப் பின்பற்றாத நிறுவனத்தின் மானியத்தை நிறுத்த யு.ஜி.சி.க்கு அதிகாரம் உண்டு. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. உங்கள் கல்லூரியில் குழு உறுப்பினர்களின் பெயர்கள் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன, அதில் மாணவர் பெயர்கள் இருக்கின்றனவா, வெளி உறுப்பினர் யார், கடைசியாகக் குழு எப்போது மாற்றி அமைக்கப்பட்டது என்ற நான்கையும் கேட்க யாரும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. முதலாண்டுச் சேர்க்கையின்போதே பெற்றோர் கேட்கலாம்.